ஒரு பானைச் சோறும் ஒரு கலத் திரவமும்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் வாக்கு. பானை முழுதும் ஒருசேர வெந்தவிடத்து அஃது உண்மையே. ஆயின், மகாவலியின் கிளையாகிய வெருகலாற்றில் மாரியில் முகந்த குடமும் கோடையில் முகந்த குடமும் ஒன்றாகா. மாறிக்கொண்டே ஓடும் நீருக்கு ஒரு துளி பதமாகாது. நோயாளர் சிகிச்சையைச் சோதிக்கத் தானே மாதிரி எடுக்கும் கருவியை அமைப்போர் முதலில் உணரவேண்டியது இதுவே.

நம் அயலிலுள்ள வடமத்திய மாகாணத்து உழவரிடையே 1990களில் அறியப்பட்ட சிறுநீரக நோய், பலரை இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நாடச் செய்துள்ளது. அவ்வியந்திரத்தில் மெல்லிய சவ்வின் ஒருபுறம் இரத்தமும் மறுபுறம் சுத்திகரிப்புத் திரவமும் ஓட, யூரியா முதலிய கழிவுகள் சவ்வைக் கடந்து திரவத்தை அடைகின்றன. சிகிச்சை போதியதா என்பதை அறிய, முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துச் சோதித்தல் வழக்கம். இரத்தசோகையால் நலிந்தோர்க்கு ஒவ்வொரு துளியும் அரிதன்றோ? கழிந்தோடும் திரவத்தைச் சோதிப்பின் அவ்விழப்பு இல்லை.

எனினும், அத்திரவத்தில் யூரியா தொடக்கத்தில் மிகுந்தும் முடிவில் குறைந்தும் இருக்கும். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் 4 மணி நேரத்தில் 120 லீற்றர் கழிகின்றது. அதனை முழுதும் தேக்கிக் கலக்கின் ஒரு துளியே பதமாகும். ஆயின் நாடோறும் அவ்வாறு செய்தல் எளிதன்று. ஆகவே, கழிவுக் குழாயினின்று நிமிடத்துக்கு அரை மில்லிலீற்றரை இடையறாது பிரிக்கும் சிறு பம்பி வேண்டும். முடிவில் கலத்திற் சேர்வது 120 மில்லிலீற்றர். அஃதாவது ஆயிரத்தில் ஒரு கூறு. அதிலுள்ள யூரியாவை அளந்து ஆயிரத்தாற் பெருக்கின், உடலினின்று நீங்கிய அளவு புலனாகும்.

உருளைகள் மென்குழாயை நசுக்கித் திரவத்தைத் தள்ளும் பம்பி இதற்கு ஏற்றது. 1957இல் விற்பனைக்கு வந்த, அமெரிக்கர் ஸ்கெக்ஸ் ஆக்கிய தானியங்கிப் பரிசோதனை இயந்திரத்திலும் இவ்வகைப் பம்பியே இருந்தது. ஆயின் மென்குழாய் தேயின் அளவு பிறழும். ஆதலின் கலத்தை ஒவ்வொரு முறையும் நிறுத்தல் வேண்டும். பெருங்குழாயின் ஓட்டம் மாறின் சிறு பம்பியும் அவ்விகிதத்தில் மாறல் வேண்டும். நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைக்குமாதலின் கலம் குளிர்ந்திருத்தலும் அவசியம்.

இவற்றுள் ஒன்று தவறினும் கருவி பொய்க்கணக்குக் காட்டும். குறைந்த சிகிச்சை நிறைந்ததெனத் தோன்றவுங்கூடும். அப்பிழையின் விலையைக் கொடுப்பவர் கருவி செய்தவரல்லர், கட்டிலிற் கிடப்பவரே.