திருத்தம் தங்குவது எப்படி?

சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சாகிறது. வேண்டாத புள்ளி ஒன்றைத் தகட்டில் மட்டும் அழித்தால் என்னாகும்? புதுத் தகடு எடுத்ததும் புள்ளி திரும்பி வந்துவிடும்!

கணிப்பொறி நிரலிலும் இதே கதைதான். எங்கள் ஆய்வுக்கூட நிரல் ஒன்றின் மூலநிரலில், நேரக்கணக்கைச் சரிசெய்ய இரண்டு வரிகளை மாற்றியிருந்தேன். புதிய பதிப்பை ஏற்றினேன், அவை மறைந்தன. ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 10.4 என்று வந்தபிறகே விழித்துக்கொண்டேன். அதற்குள் ஒரு வகுப்பு முழுவதும் பதிவேட்டில் எழுதிவிட்டது.

எந்த வரி போய் எந்த வரி வரவேண்டும் என்பதைத் தனிக் கோப்பாக வைத்திருக்க வேண்டும். இதுவே 'பேட்ச்', அதாவது ஒட்டு. இதைப் பொருத்தும் கருவியை 1985இல் லாரி வால் எழுதினார். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன். அதன் மூலப்பொதிகளில் ஒட்டுகளுக்கென ஓர் அடைவும், அவற்றை ஏற்றும் வரிசையைச் சொல்லும் 'சீரிஸ்' என்ற பட்டியலும் உண்டு. புதிய பதிப்பு வந்தால் நம் ஒட்டை அந்த அடைவில் இட்டு, பெயரைப் பட்டியலின் கடைசியில் சேர்த்து, பொதியை மறுபடி தொகுக்கலாம்.

வரி எண் நகர்ந்திருந்தாலும், அக்கம்பக்கத்து வரிகளைக் கொண்டு ஒட்டு தன் இடத்தைக் கண்டுகொள்ளும். அவையும் மாறியிருந்தால் பொருந்தவில்லை என்று வேலை நின்றுவிடும். அப்போது அந்தப் பகுதியை நாமே படித்து ஒட்டைப் புதுப்பிக்க வேண்டும். என் இரண்டு வரிகளுக்கு அது பத்து நிமிட வேலை.