குறிஞ்சி ஆண்டவர் கோயில்: அயலார் ஒருவர் கண்ட சொந்த மண்

1936-இல் கொடைக்கானலில் இக்கோயிலை எழுப்பியவர் பிறப்பால் தமிழரல்லர். யாழ்ப்பாணச் சைவ மரபில் வந்த இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவம் தழுவி, லீலாவதி என்று பெயர் பூண்ட வெள்ளைக்காரப் பெண்மணி அவர். வந்த மண்ணில் இடம்பெற ஆட்சியாளர் அவையை நாடுவதும் ஒரு வழிதான். 1688-இல் சென்னை நகராட்சி தொடங்கியபோது யூத வணிகர் மூவர் ஆல்டர்மேன்கள் ஆயினர். ஆனால் அந்த இடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தயவில் நின்றது. லீலாவதி இங்கே தேடியது அத்தகைய இடமன்று.

'லேடி இராமநாதன்' என்ற மதிப்பும் கணவரின் செல்வமும் இருந்ததால்தானே இது முடிந்தது என்று கேட்கலாம். கட்டடம் எழ அவை உதவியிருக்கும். பக்தர்களை அழைத்துவர அவற்றால் ஆகாது. கணவர் 1930-இல் மறைந்த பின்னரே கோயில் எழுந்தது. வெள்ளையர் கோடைவாசத்துக்கென வளர்த்த ஊரில் அவர் தேர்ந்த தெய்வம், தொல்காப்பியம் மலைநிலத்துக்கு உரியவனாகச் சொல்லும் சேயோனாகிய முருகன். அவனுக்கு அமைந்த பெயரும் 12 ஆண்டுக்கு ஒருமுறை இம்மலையில் பூக்கும் குறிஞ்சியினுடையது. இன்று இக்கோயிலைப் பராமரிப்பது பழனி தேவஸ்தானம். வானம் தெளிந்த நாளில் பழனியை இங்கிருந்தே காணலாம்.