கிளச் மிதி தளர்ந்தால் செய்ய வேண்டியவை

மரக்கறி ஏற்றும் வண்டியின் கிளச் மிதி தளர்ந்து, கியர் விழ மறுத்தவுடன் கியர்ப்பெட்டியைக் கழற்றுதல் வீண் செலவாகலாம். கிளச் தகடு தேய்ந்தால் இயந்திரம் இரையும், வண்டி இழுக்காது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சில் மிதி தளர்வதற்குப் பெரும்பாலும் எண்ணெய்க் கசிவோ, உட்புகுந்த காற்றோ காரணமாகும்.

முதலில் எண்ணெய்க் கலத்தைப் பார்த்தல் வேண்டும். மட்டம் குறைந்திருப்பின், மிதியோடு இணைந்த சிலிண்டர், குழாய், கியர்ப்பெட்டியருகே உள்ள சிலிண்டரின் றப்பர் உறை ஆகியவற்றில் ஈரம் உண்டா எனச் சோதிக்கவும். பலமுறை மிதித்தபின் மிதி இறுகுமாயின் காற்றுப் புகுந்திருக்கக்கூடும்.

கசிவைத் திருத்திய பின்னரே காற்றை அகற்றலாம். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கியர்ப்பெட்டியருகே உள்ள சிலிண்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, மீண்டும் இறுக்க வேண்டும். அதன் பின்னரே மிதியை விடலாம். குமிழிகள் அற்றுப்போகும்வரை இவ்வாறு செய்க. கலம் வற்றலாகாது.

வண்டிக் கையேடு குறிக்கும் பிறேக் எண்ணெயையே புதிய போத்தலிலிருந்து ஊற்றுக. இயந்திர எண்ணெய் றப்பர் வளையங்களை வீங்கச் செய்யும்.

சில வண்டிகளில் பிறேக்கும் இதே கலத்திலிருந்தே எண்ணெய் பெறுகின்றது. ஆகவே, மட்டம் குறைந்த காரணம் அறியும்வரை வண்டியைப் பாதையில் செலுத்தலாகாது.