எட்டு டாலரும் வில்லங்கச் சான்றும்

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சென்னையில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போக நினைத்தவருக்கு முதல் செலவு ஏரோகிராம்தான். நீல நிற வான்கடிதத்தில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதி, விண்ணப்பப் படிவம் கேட்க வேண்டும். அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடத்தில் இருந்த யூசெஃபி என்ற அமெரிக்கக் கல்வி அமைப்பின் நூலகத்தில் உட்கார்ந்து, தடித்த வழிகாட்டி நூல்களிலிருந்து முகவரிகளை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். விண்ணப்பக் கட்டணம் டாலரில் கேட்டால் தலைவலி. டாலரில் டிராஃப்ட் எடுப்பது பெரும்பாடு. அதனால் கட்டணம் கேட்காத பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்று விடுதிகளில் கைமாறிக்கொண்டே இருந்தது. சீனியர்கள் விட்டுப்போன சொத்து அது.

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ அப்போது தாளில் எழுதும் தேர்வு. பேரன்ஸ் வழிகாட்டிப் புத்தகத்தின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ததால், வாழ்நாளில் ஒருமுறைகூடப் பேச்சில் வராத ஆங்கிலச் சொற்களைத் தெரிந்துவைத்திருந்த ஒரு தலைமுறையே உருவானது. 2011-இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது ஜிஆர்இ மதிப்பெண்ணே கேட்காத துறைகள் நிறைய.

ஆனால் இவையெல்லாம் மேல்பூச்சு. உண்மையான வித்தியாசம் பணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது.

அன்றைக்கு ரிசர்வ் வங்கி டாலரை அளந்துதான் கொடுத்தது. அறுபதுகளில் போனவர்கள் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்வார்கள். அதில் மிகை இல்லை, அனுமதித்த தொகையே அவ்வளவுதான். 1980-இல் ஒரு டாலர் ஏறக்குறைய 8 ரூபாய். அந்த விலைக்கும் அமெரிக்கக் கல்விக் கட்டணம் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்துக்கு எட்டாக் கனி. ஆகவே இடம் கிடைத்தது என்று யாரும் இனிப்புக் கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் கேட்டது ஒன்றே ஒன்று: “எய்டு வந்துடுச்சா?” எய்டு என்பது பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, அல்லது இளங்கலை மாணவர்களுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. அதற்கு ஈடாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் கைச்செலவுக்கு ஒரு தொகை. அந்த விவரம் எழுதிய ஐ-20 படிவம் தபாலில் வந்த பிறகுதான் ஜெமினி மேம்பாலத்தருகே விசா வரிசையில் போய் நிற்பார்கள். எய்டு வராதவர் பம்பாயிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய்விடுவார். ஊதாரித்தனம் செய்ய நினைத்தாலும் முடியாத ஏற்பாடு.

இதை நல்ல காலம் என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சீனியர் பட்டியல் எத்தனை விடுதிகளைச் சுற்றியது? ஐஐடி, கிண்டி, திருச்சி ஆர்இசி, இன்னும் சில. ஆங்கிலவழிப் பள்ளி, அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு மாமா, கடிதம் தட்டச்சு செய்து தர ஓர் அலுவலகம் என்று ஏதோ ஒன்று வாய்த்த, பெரும்பாலும் முன்னேறிய சாதிக் குடும்பங்களுக்குள் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. நாமக்கல்லிலும் தேனியிலும் படித்த கெட்டிக்காரனுக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரியாது. பெண்ணை அனுப்புவது இன்னும் அரிது.

2004-இல் ரிசர்வ் வங்கி பிடியைத் தளர்த்தியது. தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றது. இன்று அந்த வரம்பு 2,50,000 டாலர். கதவு திறந்தது, ஊர் ஊராகப் பிள்ளைகள் கிளம்பினார்கள். செலவு மட்டும் இடம் மாறி அப்பாவின் பெயரில் வந்து நின்றது.

இன்றைக்கு அமெரிக்காவில் எம்.எஸ். என்றால் நாற்பது, ஐம்பது லட்சம் சாதாரணமாகப் பேசப்படுகிறது. அரசு வங்கியில் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகப் பிணை கேட்பார்கள். பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த கையோடு மூலப்பத்திரம் தேடும் படலம் ஆரம்பிக்கிறது. முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, வங்கி வக்கீலின் கருத்துரை, மதிப்பீட்டாளர் வருகை. தாத்தா காலத்து நிலத்தில் பாகப்பிரிவினை பதிவாகவில்லை என்பதும், அத்தையின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது என்பதும் அப்போதுதான் தெரியவரும். வருடக்கணக்கில் பேசாத உறவுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் சந்தித்துக்கொள்கின்றன. கடன் ரூபாயில், கட்டணம் டாலரில். டாலர் 85 ரூபாயைத் தாண்டிய பிறகு, அனுமதித்த தொகை இரண்டாம் ஆண்டுக்குப் போதுமா என்று கணக்குப் பார்க்காத வீடு இல்லை.

அமெரிக்கா வேண்டாம் என்று ஜெர்மனி பக்கம் திரும்புகிறவர்களும் பெருகிவிட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதையும் கடன் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு.

பழைய தலைமுறை காணாத இன்னொரு சோதனையும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூன் முதல் அமெரிக்க மாணவர் விசா கேட்பவர் தன் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். கல்லூரி நாளில் போட்ட மீம் ஒன்றை நள்ளிரவில் தேடித் தேடி அழிக்கும் பிள்ளைகளை இப்போது பார்க்கலாம்.

பெட்டியில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் எல்லாம் கிடைக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் பிரஷர் குக்கர் போகிறது, உபரி கேஸ்கட்டோடு.

எய்டு என்ற ஏற்பாடு செத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி.க்குச் சேர்கிறவருக்குப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இன்றும் கட்டணத்தைத் தள்ளி, உதவித்தொகை கொடுத்துத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் ஆலோசனை மையங்களில் பல இந்த இரண்டையும் பற்றி வாய் திறப்பதில்லை. கட்டணம் கட்டிச் சேரும் மாணவருக்குத்தானே கமிஷன்.