மின்னஞ்சலில் ஆவணங்களை அனுப்புதல்: தெரிந்திருக்க வேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஆவணம் என்பது வெறும் கடதாசி அன்று. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவையே நாம் எந்த ஊரவர், எந்தக் காணிக்கு உரியவர் என்பதற்குச் சாட்சி. அவற்றின் பிரதிகளைத் தூரத்திலுள்ள காரியாலயத்துக்கோ, சட்டத்தரணிக்கோ, வெளிநாட்டிலுள்ள சகோதரருக்கோ அனுப்பும் தேவை அடிக்கடி எழுகின்றது. மின்னஞ்சல் இதனைச் சில நிமிடங்களில் செய்துவிடும். ஆனால் அனுப்பியாயிற்று என்பதும், மறுபக்கத்தில் திறந்து வாசிக்க முடிந்தது என்பதும் ஒன்றல்ல. வாசிக்க முடியாத பிரதியால் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் இருக்கலாம். ஆகவே இதன் செயல்முறையைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

இணைப்பு என்றால் என்ன?

மின்னஞ்சல் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் சில குறிகளையும் மட்டுமே கொண்டு செல்வதற்கு அமைக்கப்பட்டது. படங்களையும் பிற கோப்புகளையும் அதனுடன் சேர்த்து அனுப்புவதற்கான ‘மைம்’ என்னும் பொது விதிமுறையை, 1992ஆம் ஆண்டில் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் வகுத்தனர். இம்முறையில் கோப்பு வெறும் எழுத்துத் தொடராக மாற்றப்பட்டுக் கடிதத்துக்குள்ளேயே பயணம் செய்கின்றது. பெறுபவரின் கணனி அதனை மீண்டும் பழைய கோப்பாக்குகின்றது. இவ்வாறு செல்லும் கோப்பையே இணைப்பு என்கிறோம்.

பாரம் கூடும்

நெல்லை மூடையாகக் கட்டினால் சாக்கின் பாரமும் சேர்வது போல, இம்மாற்றத்தினால் கோப்பின் அளவு மூன்றுக்கு நான்காகப் பெருகும். 18 மெகாபைட் கோப்பு பயணத்தின்போது ஏறத்தாழ 24 மெகாபைட் ஆகிவிடும். ஜிமெயிலில் அனுப்பக்கூடிய எல்லை 25 மெகாபைட். பெறுபவரின் காரியாலயம் அதனிலும் குறைந்த எல்லையை வைத்திருக்கலாம். ஆகவே மொத்த அளவை 5 மெகாபைட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. ஆவணங்கள் பலவாயின் இரண்டு, மூன்று கடிதங்களாகப் பிரித்து, ‘1/3’, ‘2/3’ என்று தலைப்பில் இலக்கமிடுங்கள்.

எழுத்து மாறிப்போவது ஏன்?

எமது பகுதிகளில் நெடுங்காலமாகக் கடிதங்கள் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டு வந்தன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணனியில் கோப்பைத் திறந்தால், ‘அம்மா’ என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே தோன்றும். இன்று பரவலாகவுள்ள யுனிகோட் முறையில் இத்தொல்லை இல்லை.

எனினும் சிறந்த வழி, கடிதத்தைப் ‘பி.டி.எப்.’ கோப்பாக மாற்றி அனுப்புவதாகும். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இவ்வகைக் கோப்பு, எழுத்துருவையும் தன்னுள் கொண்டு செல்லக்கூடியது. அவ்வாறு சேர்த்து அனுப்பினால் எந்தக் கணனியிலும் பக்கம் ஒரே தோற்றத்தில் இருக்கும். மற்றவர் திருத்தி எழுத வேண்டிய கடிதத்தை மட்டும் ‘வேர்ட்’ கோப்பாக அனுப்புங்கள்.

பிரதி எடுக்கும்போது

ஸ்கான் செய்ய வசதியில்லாவிடில் கைத்தொலைபேசியே போதும். பத்திரத்தைப் பகல் வெளிச்சத்தில் சமமான இடத்தில் விரித்து, நிழல் விழாமல், நான்கு மூலைகளும் தெரிய நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். உறுதி இலக்கம், திகதி, கையொப்பம், முத்திரை ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களால் வாசிக்க முடியாததை உத்தியோகத்தராலும் வாசிக்க முடியாது. பின்பக்கத்தில் குறிப்புகள் இருந்தால் அதனையும் எடுங்கள். ஒரே ஆவணத்தின் பக்கங்களை ஒழுங்காக ஒரே பி.டி.எப். கோப்பில் சேருங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் ஆவணத்தின் பெயரையும் இடுங்கள்.

கடிதத்தில் எழுத வேண்டியவை

இணைப்பை மட்டும் வெறுமையாக அனுப்பக் கூடாது. முழுப்பெயர், சொந்த ஊர், கிராம அலுவலர் பிரிவு, தற்போதைய முகவரி, தொலைபேசி இலக்கம், கோரிக்கை, இணைத்துள்ள ஆவணங்களின் பட்டியல் ஆகியவற்றை எழுதுங்கள். ‘கிடைத்ததை அறியத்தரவும்’ என்று கேளுங்கள். ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், அதனைப் பதில் என எண்ண வேண்டாம். பெரும்பாலும் உங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள். முகவரியையும் கோப்பின் அளவையும் சரிபார்த்து மீண்டும் அனுப்புங்கள்.

அவதானம் தேவை

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் காதற்கடிதம் என்ற பெயரில் வந்த ஓர் இணைப்பைத் திறந்ததால், உலகெங்கும் இலட்சக்கணக்கான கணனிகள் பாதிக்கப்பட்டன. அது அறிமுகமானவர்களின் முகவரியிலிருந்தே வந்தது. ஆகவே எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரிடம் கேட்டபின் திறவுங்கள். கொமினிகேசன் கடையில் அனுப்பினால், வேலை முடிந்ததும் அங்குள்ள கணனியிலிருந்து உங்கள் கோப்புகளை அழித்து, மின்னஞ்சலை விட்டு வெளியேறியதையும் உறுதி செய்யுங்கள்.

மூலப்பத்திரம் வேறு, பிரதி வேறு

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்கின்றது. ஆனால் காணி விற்பனை, மரணசாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றுக்கு அச்சட்டம் பொருந்தாது. வெளிநாட்டிலுள்ள சகோதரர் அற்றோணித் தத்துவத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும், மூலப்பத்திரத்தைத் தபாலிலோ ஆள்மூலமோ பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மூல உறுதியை எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தேவை வரும்வரை காத்திராமல், இவ்வாரமே உங்கள் ஆவணங்களைப் பிரதி எடுத்து, உங்களது சொந்த மின்னஞ்சல் முகவரிக்கே இணைப்பாக அனுப்பி வையுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வெள்ளத்திலோ தீயிலோ மற்றுமொரு இடப்பெயர்விலோ கடதாசி தொலைந்தாலும், உறுதியின் இலக்கமும் திகதியும் உங்கள் கையில் இருக்கும். காணிப் பதிவகத்தில் தேடுவதற்கு அவ்விரண்டும் பெரிதும் உதவும்.