தார் சுற்றும் கையில் ஏடு

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது நமது கடமை. வரவு, செலவு, சரக்கிருப்பு, தவணை தவறிய கடன் ஆகிய யாவற்றையும் சரிபார்க்கிறோம். ஆயினும் எந்தப் பேரேட்டிலும் ஏறாத கணக்கொன்று உண்டு. உறுப்பினர்களின் பிள்ளைகளுள் எத்தனை பேர் பள்ளிக்குச் செல்கின்றனர், எத்தனை பேர் இடையில் நின்றுவிட்டனர் என்பதே அது.

பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தறிகளைக் கணக்கெடுக்க நெசவாளர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பள்ளி நடைபெறும் நாளின் நண்பகல். தந்தை தறிக்குழியில் இருந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ராட்டையருகில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தான். "பள்ளிக்கூடம் இல்லையா, தம்பி?" என்று வினவினோம். சிறுவன் தலை கவிழ்ந்தான். தந்தையே விடை பகர்ந்தார்: "அவங்கம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க. தார் சுத்தறதுக்கு ஆளில்லைங்க. இந்தப் பாவு முடிஞ்சதும் அனுப்பிப் போடறனுங்க."

அவர் கல்வியை வெறுப்பவர் அல்லர், கைக்கு ஆளில்லாதவர். ஆனால் ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவு வந்துவிடும் என்பதை நெசவாளர் யாவரும் அறிவர். அவ்வாறு நான்கு பாவுகள் கழிந்தபின், சிறுவன் வகுப்பில் பின்தங்கிப்போவான். பிறகு அனுப்பினாலும் செல்ல நாணுவான். இடைநிற்றல் என்னும் தீமை இங்ஙனம் ஓசையின்றியே வீட்டினுள் நுழைகிறது.

பின்னலாடைத் தொழிலும் இந்நோயை அறியாததன்று. 1970களின் இறுதியிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதி பெருகத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில், தையற்காரருக்குக் கைமடித்துக் கொடுக்கவும் பிசிறு வெட்டவும் சிறுவர் சிறுமியர் பலர் பனியன் கம்பெனிகளில் அமர்த்தப்பட்டனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், வெளிநாட்டு வணிகர் விதித்த நிபந்தனைகள், தொண்டு நிறுவனங்களின் முயற்சி ஆகியவை சேர்ந்து அவ்வழக்கத்தைப் பெரிதும் குறைத்தன. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் நடைபெற்றன. 1988இல் தொடங்கிய அத்திட்டம் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

2016இல் திருத்தப்பெற்ற சட்டம், பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளையை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடை செய்கிறது. குடும்பத் தொழிலில் உதவலாம் என்னும் விலக்கு உண்டு. அஃது ஆபத்தில்லாத வேலைக்கும், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திற்கும் விடுமுறை நாட்களுக்குமே உரியது. நண்பகலில் தார் சுற்றுவதற்கு அவ்விலக்கு பொருந்தாது. ஆடு மேய்க்கவும் பருத்தி எடுக்கவும் பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் விவசாய உறுப்பினர்களும் இதனை மனத்திற் கொள்வார்களாக.

சட்டம் மட்டும் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவராது. இதனை நன்குணர்ந்த காமராஜர், 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதே அதன் அடிப்படை. அக்காலத்தில் கல்வித்துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வாயிலாக ஊராரையே பள்ளிக்குப் புரவலராக்கினார். மக்கள் கட்டடமும் பலகையும் சீருடையும் மனமுவந்து அளித்தனர். 1982இல் சத்துணவுத் திட்டமும், 2022இல் காலை உணவுத் திட்டமும் அவ்வழியில் தொடர்ந்தன.

நம் திருப்பூரில் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரே ஒரு மாணவனைக் கொண்டே தொடங்கினார். அதுவே பின்னாளில் பெரியநாயக்கன்பாளையத்தில் பல்கிப் பெருகிற்று. தொடக்கம் சிறிதாயிற்றே என்று தயங்குவோருக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

சரி, சங்கம் செய்யத் தக்கது யாது? இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் கூட்டுறவுக்கு வழிகாட்டிய முன்னோடிகள், தம் உபரியில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். நம் சங்கங்கள் செலுத்தும் கூட்டுறவுக் கல்வி நிதி, கூட்டுறவுப் பயிற்சிக்குரியது. பிள்ளைகளின் பள்ளிச் செலவிற்குரியதன்று. ஆகவே பொதுநல நிதியிலிருந்து உதவ வழியுண்டா என்று துணைவிதிகளைப் பார்த்து, பேரவையில் தீர்மானம் நிறைவேற்றிச் செய்தல் வேண்டும்.

பணமின்றிச் செய்யக்கூடியனவும் உள. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வை எழுதித் தேறும் ஏழை மாணவருக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திங்கள்தோறும் 1000 ரூபாய் கிடைக்கிறது. இதனை அறியாத பெற்றோர் பலர். விண்ணப்பம் எழுதித் தருதல் சங்கச் செயலாளருக்கு அரைமணி நேர வேலையே. நம் பகுதியில் வந்து உழைக்கும் ஒடிசா, பீகார் மாநிலத்துக் குடும்பங்களின் பிள்ளைகளையும் மறத்தலாகாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எப்பிள்ளையையும் சேர்க்க மறுத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அவர்களைப் பள்ளி வாயில் வரை அழைத்துச் செல்ல ஓர் உள்ளூர்த் துணை வேண்டும். அத்துணை நம் உறுப்பினராக இருக்கட்டும்.

நிற்க. நாம் கண்ட சிறுவனின் செய்தியைக் கூறி முடிப்போம். அன்று மாலை நிர்வாகக் குழுவினரிடம் இதனை எடுத்துரைத்தோம். தறியேற முடியாத மூதாட்டி ஒருவர் அதே தெருவில் வேலையின்றி இருப்பதை உறுப்பினர் ஒருவர் நினைவூட்டினார். இரு வீட்டார்க்கும் தார்க்கூலி பேசி முடிக்கப்பட்டது. கூலி போக நெசவாளர்க்கு வருவாய் சற்றுக் குறைந்தது, அதனை மறைப்பதற்கில்லை. அடுத்த முறை சென்றபோது, ராட்டையருகில் மூதாட்டி அமர்ந்திருந்தார். சிறுவன் பள்ளியில் இருந்தான்.

இதற்குப் புதுத் திட்டமோ பெருநிதியோ தேவைப்படவில்லை. ஒரு தெருவிலுள்ளோர் கூடி யோசித்ததே போதுமானதாயிற்று. கூட்டுறவு என்பதும் அதுதானே! வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், கடன் நிலுவைப் பட்டியலுக்கு அடுத்து, பள்ளி செல்லாப் பிள்ளைகளின் பட்டியலையும் ஒவ்வொரு சங்கமும் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.