சிடி அடித்த காலமும் பெண்டிரைவ் காலமும்

மலாயாவிலேயே முதலில் மின்விளக்கு எரிந்த ஊர் என்று ரவாங்குக்கு ஒரு பெருமை உண்டு. 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் வைத்த கதை அது. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு அந்த வெளிச்சம் வர நெடுங்காலம் பிடித்தது. பல லயங்களில் அந்தியில் சில மணி நேரம்தான் கரண்டு. பாட்டென்றால் பேட்டரி போட்ட ரேடியோ, பிறகு கேசட். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகுதான் பல வீட்டு ஹாலில் மினி கம்போவும் விசிடி பிளேயரும் ஏறி உட்கார்ந்தன.

2000-க்குப் பிறகு, கம்ப்யூட்டர் இருந்த வீட்டுப் பையனுக்குத் தனி மரியாதை. "தம்பி, தீவாளிக்கு ஒரு சிடி அடிச்சுக் கொடுப்பா" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். விவரம் தெரிந்தவனாக இருந்தால் அவன் முதலில் கேட்பது பாட்டுப் பட்டியலை அல்ல; "உங்க வீட்டு செட்டுல எம்பி3-னு எழுதியிருக்கா?" என்பதைத்தான். எழுதியிருந்தால் 700 எம்பி வட்டில் நூற்றைம்பது பாட்டு வரை அடைக்கலாம்; சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பிதான். எழுதாத பழைய செட்டாக இருந்தால் ஆடியோ சிடியாகவே அடிக்க வேண்டும். 80 நிமிடம், பதினைந்து பதினாறு பாட்டு, அவ்வளவுதான். எம்பி3 கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டு அடித்தால் கம்ப்யூட்டரில் பாடும், செட்டில் ஊமையாகிவிடும்.

அதோடு முடியாது. மிச்ச இடத்தில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று வட்டை மூடாமல் விட்டால், வீட்டுப் பிளேயர்கள் பல அதைத் தொடவே தொடாது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் திரையில் கேள்விக்குறிகள் வரிசைகட்டும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடாவிட்டால் செட் தன் இஷ்டத்துக்கு அடுக்கும். நலுங்குப் பாட்டுக்கு அடுத்து சோகப் பாட்டு வந்து விழும். அவசரத்தில் முழு வேகத்தில் அடித்த வட்டு பழைய செட்டில் திக்கும். மேலே அழகுக்கு ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு பக்கம் உரிந்தால் வட்டு உள்ளே ஆட்டம் போடும்.

போட்டோ வட்டு இன்னும் வேடிக்கை. போட்டோக்களை வீடியோவாக்கி அடித்த விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளிதான். கல்யாண மாப்பிள்ளையின் முகம் பெரிய டிவியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஜேபெக் படிக்கும் டிவிடி பிளேயர்கள் வந்ததும் படம் தெளிந்தது, வேறு தொல்லை தொடங்கியது. நெட்டுக்குத்தாக எடுத்த படங்கள் படுத்துக்கொள்ளும். படத்துக்குள் கேமரா எழுதிய திசைக் குறிப்பைப் பல பிளேயர்கள் படிக்காது. ஆகவே ஒவ்வொன்றையும் திருப்பி, சேமித்து, பிறகுதான் அடிக்க வேண்டும். பழைய குழாய் டிவி ஓரங்களை விழுங்கிவிடும் என்பதால், குடும்பப் படத்தில் கடைசியில் நின்ற மாமாவுக்குப் பாதி முகம்தான் மிஞ்சும்.

2000-ஆம் ஆண்டு ஒளிவட்டுச் சட்டம் வந்து, வட்டு தயாரிக்க உரிமம் கட்டாயமானது. பாசார் மாலாமில் திருட்டு விசிடி விற்பனை அதனால் அடியோடு நின்றுவிடவில்லை. அடித்துக் கொடுத்த பாட்டெல்லாம் யாருடைய சொத்து என்று அந்தத் தம்பியும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்ட நாமும் கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்றைக்கு யாரும் சிடி அடித்துக் கேட்பதில்லை. 2013-இல் ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது, யூடியூப் டிவிக்குள்ளேயே இருக்கிறது, காரில் பெண்டிரைவ். ஆனால் கருவியின் பத்தியம் அப்படியேதான் இருக்கிறது. 2017-க்குப் பிறகு ஐபோன் எடுக்கும் எச்இஐசி படங்களைப் பெண்டிரைவில் போட்டுப் பழைய டிவியில் செருகிப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. ஃபேட்32 பெண்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறவே ஏறாது. மாறியது வேறொன்று: 80 நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்றபோது யாரோ ஒருவர் உட்கார்ந்து பொறுக்கினார். இப்போது ஐயாயிரம் படத்தை அப்படியே கொட்டுகிறோம். ஐம்பதைக்கூட முழுதாகப் பார்ப்பதில்லை. இதில் எனக்குப் பழைய முறைதான் மேல்.

வீட்டு அலமாரியில் அந்த வட்டுகள் இன்னும் கிடக்கும். வீட்டில் அடித்த சிடியின் தகவல் ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயிலும் புழுக்கமும் அதைக் கெடுக்கும். புது லேப்டாப்களில் டிரைவும் இல்லை. யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். விசிடி என்றால் அதிலுள்ள எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரைத் திறந்தால் டேட் கோப்புகள் இருக்கும். அவற்றை நகலெடுத்தால் விஎல்சி பிளேயரில் ஓடும். இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அப்பா அம்மா கல்யாண வட்டிலிருந்து தொடங்குங்கள்.